குளிர்சாதன இயந்திரமும் மாறிவரும் சட்டமும்

பழைய ஏ.சி. இயந்திரத்தில் உள்ள கேஸை அரசாங்கம் தடை செய்துவிட்டது, இனி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வதே விவேகம் என்றதொரு பேச்சு வல்லத்திராக்கோட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உலவி வருகின்றது. இதில் கால் பங்கு உண்மை. முக்கால் பங்கு வியாபாரம். இரண்டையும் பிரித்தறியாத குடும்பம் வீணே கடன்பட நேரும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏ.சி. என்பது செல்வந்தர் வீட்டு ஆடம்பரம் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. நாட்டு ஓடு வேய்ந்த வீடும், வாசலில் ஒரு வேப்பமரமும் இருந்தவரை நம் மக்கள் புதுக்கோட்டைச் சீமையின் கோடையைத் திண்ணையிலேயே கழித்தனர். ஓடு போய்க் கான்கிரீட் தளம் வந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்து, மிச்சமிருந்த நிழலையும் பறித்துச் சென்றது. சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்கும் மகன், இரவெல்லாம் உறங்காது புரளும் தாயை நினைத்து ஓர் ஏ.சி. வாங்கிக் கொடுக்கின்றான். இதை ஆடம்பரம் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். நம் வீடுகளில் உள்ள பழைய ஏ.சி.க்களில் பெரும்பாலானவை ஆர்-22 என்னும் வாயுவால் இயங்குபவை. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்தியாவில் இவ்வாயுவைக் கொண்டு புதிய இயந்திரங்களைச் செய்தல் ஆகாது. சட்டம் தடுப்பது இதைத்தான். முன்னரே வாங்கியதை வைத்திருப்பதோ, ஓட்டுவதோ, பழுது பார்ப்பதோ குற்றமன்று. ஆர்-22 உற்பத்தியும் உபயோகமும் படிப்படியாகக் குறைந்து 2030இல் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடும். பழுது பார்க்கும் வேலைக்கென மட்டும் ஒரு சிறு அளவு 2040 வரை அனுமதிக்கப்படும். எனவே நன்றாக ஓடும் இயந்திரத்தை இன்றே தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால் வரும் ஆண்டுகளில் அந்தக் கேஸ் அரிதாகும். அரிதாகும் பொருள் விலை ஏறும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். தொடக்க காலக் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. அவை கசிந்து உயிர்களைக் குடித்ததுண்டு. அமெரிக்க வேதியியல் அறிஞர் தாமஸ் மிட்ஜ்லி, நஞ்சும் இல்லாத, நெருப்பும் பற்றாத புதிய வாயு ஒன்றைக் கண்டு, 1930இல் அறிஞர் அவையின் முன் அதை மூச்சாக இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அவை வியந்தது. குளோரோ ஃபுளூரோ கார்பன் என்னும் அந்த வாயுக்குடும்பம் உலகமெங்கும் பரவிற்று. அது மண்ணுலகில் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. மேலே சென்று, கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுத்துக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கலாயிற்று. மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் இதனை எச்சரித்தனர். 1985இல் தென்துருவத்தின் மேல் அப்படலம் மிகவும் மெலிந்துபோனதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியால் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. பெரிய நாடும் சிறிய நாடும் ஒன்று விடாமல் ஏற்ற உடன்படிக்கை அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், ஏ.சி.யின் பெருகிவரும் உபயோகத்தைக் கண்டித்த அவரே, இவ்வுடன்படிக்கையை நாடுகளின் ஒத்துழைப்பிற்கு நல்லதோர் உதாரணமாகக் காட்டுகின்றார். ஓசோன் படலமும் தேறி வருகின்றது. தென்துருவத்தின் மேல் அது 2066ஆம் ஆண்டளவில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஆர்-22 அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை; ஓசோனுக்குச் செய்யும் தீங்கு குறைவு. எனினும் பூமியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ, கரியமில வாயுவின் ஏறத்தாழ 1,800 கிலோவுக்குச் சமம். நம் அறையைக் குளிர்விக்கும் வாயுவே வெளியே கசிந்து பூமியைக் கொதிக்கச் செய்கின்றது என்றால் இது விந்தையன்றோ!

இங்கேதான் நம் குடும்பங்கள் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டிய இடம் வருகின்றது. "கேஸ் தீர்ந்துவிட்டது, போடவேண்டும்" என்று மெக்கானிக் சொல்ல, நாமும் சமையல் கேஸ் தீர்வதைப்போல் இதுவும் தீரும்போலும் என்று எண்ணிப் பணத்தை எடுத்து நீட்டுகின்றோம். ஏ.சி.யின் வாயு எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. நாற்புறமும் மூடிய செப்புக் குழாய்க்குள் ஒரே வாயு சுற்றிச் சுற்றி வருகின்றது. நம் உடலின் இரத்தத்தைப்போல என்று சொன்னால் எளிதில் விளங்கும். அது குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கின்றது என்றே பொருள். ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது, அடியில் பொத்தல் விழுந்த குடத்தில் நீர் மொள்ளுவதற்கு ஒப்பாகும். கோடைக்குக் கோடை பணமும் போகின்றது, வாயுவும் வானுக்குப் போகின்றது.

நேர்மையான மெக்கானிக் என்ன செய்வார்? முதலில் ஃபில்டரையும் வெளிப்பெட்டியின் தகடுகளையும் கழுவுவார். குளிர் குறைந்தது என்னும் முறையீடுகளில் பல இந்தத் தூசியோடு தீர்ந்துவிடும். தீராவிடில் குழாயில் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் கசிவைக் கண்டு, அதைப் பற்றவைப்பார். பின் வேக்குவம் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தராசில் நிறுத்து வாயுவை ஏற்றுவார். எடை எவ்வளவு என்பது இயந்திரத்தின் மேல் ஒட்டிய தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்பவரைவிட, கேட்டதும் தராசை எடுத்துக் காட்டுபவரை அழையுங்கள். கூலி இருநூறோ முந்நூறோ கூடுதலானால் பாதகமில்லை.

இன்னோர் ஆபத்தையும் சொல்லவேண்டும். ஆர்-22 விலை ஏற ஏற, அதற்குப் பதிலாக மலிவான வேறு வாயுவை ஏற்றும் ஆசை தலைதூக்கும். நெருப்புப் பற்றும் வாயுவைப் பழைய ஏ.சி.யில் ஏற்றினால், அதன் மின் இணைப்புகள் அதற்கென அமைக்கப்படாதவை ஆகையால், ஒரு பொறி போதும். அவ்வாயுவை நிரப்பிய இயந்திரத்தை அடுத்த ஆண்டு வேறொரு மெக்கானிக் விவரம் அறியாமல் திறந்து, பற்றவைக்க நெருப்பைக் கொண்டுசெல்வார். கருகுவது அவர் கையும் முகமும். அவர் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்தே புறப்பட்ட இருபது வயதுப் பிள்ளை. சிலர் ஆர்-32 வாயுவையே பழைய பெட்டியில் ஏற்றிவிடலாம் என்பர். அதன் அழுத்தம் ஆர்-22ஐக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல். கம்ப்ரஸருக்குள் உள்ள எண்ணெயும் வேறு. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று ஒருபோதும் மாற்றன்று.

புதிதாக வாங்கவேண்டிய நிலை வந்தால் விலைச்சீட்டுக்கு முன் வாயுவின் பெயரைப் பாருங்கள். இப்பொழுது கடைகளில் மிகுதியாக இருப்பது ஆர்-32. ஓசோனுக்கு அதனால் தீங்கில்லை. பூமியைச் சூடாக்கும் வலிமை ஆர்-22இல் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. ஆர்-410ஏ என்பதும் ஓசோனைத் தொடாது; எனினும் சூடாக்குவதில் ஆர்-22ஐயும் மிஞ்சும் என்பதால், மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நலம். ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் எரிவாயுவின் உறவு. பூமிக்குக் கெடுதி மிகமிகக் குறைவு, ஆனால் தீப்பற்றும். அதற்கெனவே செய்யப்பட்ட இயந்திரமாகவும், பயிற்சி பெற்றவர் பொருத்தியதாகவும் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. நம் அடுக்களையில் நிற்கும் இக்காலத்துக் குளிர்பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் இதே இனத்து வாயு சிறிதளவு இருக்கின்றது. நாம் அறியாமலே அதனோடு வாழ்ந்துவருகின்றோம்.

ஆர்-32 வாங்கினால் அதற்கும் தடை வருமோ எனச் சிலர் அஞ்சுவர். 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் மாண்ட்ரியால் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2021இல் இந்தியா அத்திருத்தத்தை ஏற்றது. அதன்படி ஆர்-32 முதலிய வாயுக்களின் மொத்த உபயோகம் 2028இல் உறையவைக்கப்படும். 2032இல் பத்து விழுக்காடு குறையும். 2047இல்தான் எண்பத்தைந்து விழுக்காடு குறையும். இன்று வாங்கும் இயந்திரம் அதற்குள் தன் ஆயுளை முடித்துவிடும்.

இந்த மாற்றத்தில் நம் இளைஞர்களுக்கு ஒரு வாயிலும் திறக்கின்றது. ஐ.டி.ஐ.களில் குளிர்சாதன மெக்கானிக் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சி உண்டு. புதிய வாயுக்களை அச்சமின்றிக் கையாளத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமிராது. பத்தாம் வகுப்போடு நின்று, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சிந்திக்கலாம்.

இயந்திரத்தின் பாரத்தைக் குறைப்பதும் நம் கையில் உள்ளது. மொட்டைமாடியில் கோடைக்கு முன் வெண்சுண்ணாம்பு அடித்தால் தளம் வெயிலை உறிஞ்சுவது வெகுவாகக் குறையும். மேற்குச் சுவருக்கு ஒரு கீற்றுப் பந்தல் போதும். ஏ.சி.யை 18இல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துவதில் என்ன பயனோ எனக்கு விளங்கவில்லை. 24இல் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் உறக்கம் வரும். பாகைக்கு ஆறு விழுக்காடு மின்சாரமும் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் துறை கூறும் கணக்கு.

கடைசியாக, ஓடி ஓய்ந்த பெட்டியைப் பற்றி ஒரு சொல். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால், அவர் செம்புக்காகக் குழாயை வெட்டும் அந்த நொடியிலேயே உள்ளிருக்கும் வாயு முழுதும் வெளியேறிவிடும். பழைய ஏ.சி.யையும் குளிர்பெட்டியையும் திரும்பப் பெற்று முறைப்படி அழிக்கச் செய்யும் பொறுப்பு, மின்னணுக் கழிவு விதிகளின்படி, அவற்றைத் தயாரித்த கம்பெனியினுடையது. ஆகவே எடைக்குப் போடுமுன் வாங்கிய கடையில் விசாரியுங்கள். கழற்ற வரும் மெக்கானிக்கிடம், கேஸை வெளியே விடாமல் வெளிப்பெட்டிக்குள் இழுத்து வால்வைப் பூட்டிவிட்டுக் கழற்றும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தால் அது சில நிமிட வேலைதான்.