மூச்சுக்காற்றில் தெரியும் அழற்சி

பிள்ளைக்கு மூச்சு முட்டும்பொழுது ‘இழுப்பு வந்துவிட்டது’ என்கிறோம். இரைப்பு, இளைப்பு என்னும் சொற்களும் நம் வீடுகளில் வழங்குகின்றன. இவையெல்லாம் காதுக்கு எட்டுவதையும் கண்ணுக்குத் தெரிவதையும் குறிக்கும் சொற்கள். ஆகவே ஓசை அடங்கியதும் நோயும் நீங்கிவிட்டதென எண்ணி, நாள்தோறும் தரவேண்டிய மருந்தை நிறுத்திவிடுகிறோம். ஆஸ்துமாவுள்ள குழந்தைகளுக்கு நேரும் இன்னல்கள் பலவற்றுக்கு இந்த எண்ணமே தொடக்கமாக அமைகிறது.

மருத்துவத் தமிழில் இதற்குத் துணைநிற்கும் சொல் ஒன்று உண்டு. அதுவே ‘அழற்சி’. அழல் என்றால் தீ. இதற்கு இணையான ஆங்கிலச் சொல்லும் தீயைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தே பிறந்தது. இழுப்பு என்பது புகை. அழற்சி என்பது அதற்கு அடியில் கனலும் நெருப்பு. புகை அடங்கிய பின்னும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம். அக்கனலை அளக்க உதவுவதே மூச்சுக்காற்றுச் சோதனை.

மூச்சில் ஒரு வாயு

ஒவ்வாமையுள்ள குழந்தையின் உடல், பிறர்க்குத் தீங்கு செய்யாத பொருள்களையும் பகையாகக் கருதுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் நுண்ணிய தூசுப்பூச்சிகள் அத்தகைய பகைகளுள் முதன்மையானவை. அவற்றின் துகள்கள் மூச்சுக்குழாயை அடைந்ததும், ஈசினோபில் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. இந்த ஒவ்வாமைக் கிளர்ச்சியில் உண்டாகும் வேதித் தூதுப்பொருள்களின் தூண்டுதலால், மூச்சுக்குழாயின் உள்வரியிலுள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை மிகுதியாகச் சுரக்கின்றன. அவ்வாயு வெளிமூச்சுடன் கலந்து வெளியேறுகிறது.

மனிதர் வெளிவிடும் மூச்சில் இவ்வாயு உள்ளதென்பதை ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்டனர். ஆஸ்துமா உள்ளவர்களிடம் அதன் அளவு கூடுதலாக இருப்பது 1993இல் அறியப்பட்டது. இரத்தக் குழாய்களில் இதே வாயு தூதுப்பொருளாகச் செயற்படுவதைக் கண்டறிந்தமைக்காக 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

சோதனை நடைபெறும் முறை

இச்சோதனைக்கு ஊசி தேவையில்லை, வலியும் இல்லை. குழந்தை முதலில் மூச்சை முழுமையாக வெளிவிட்டு, கருவியின் வாய்க்குழல் வழியாக ஆழ்ந்து உள்ளிழுத்து, பின்னர் ஒரே சீராக ஊதவேண்டும். ஊதும் வேகம் நொடிக்கு 50 மில்லிலிட்டர். சிறுவர்க்கு ஏறத்தாழ 6 நொடியும் பெரியவர்க்கு 10 நொடியும் ஊதினால் போதும். வேகத்தைச் சீராக வைத்திருக்கக் கருவியின் திரையில் தோன்றும் அசைவுப்படம் குழந்தைக்கு வழிகாட்டும். சற்று நேரத்தில் ஓர் எண் கிடைக்கும்.

அவ்வெண் நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது. அமெரிக்க மார்பு நோயியல் கழகத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 20க்குக் கீழ் இருந்தால் ஈசினோபில் சார்ந்த அழற்சி இருக்கும் வாய்ப்புக் குறைவு. 35க்கு மேல் இருந்தால் வாய்ப்பு மிகுதி. இடைப்பட்ட எண்ணைப் பிற அறிகுறிகளோடு சேர்த்தே எடைபோடவேண்டும். பிரிட்டனில் 2024இல் வெளிவந்த வழிகாட்டி, ஆஸ்துமா எனக் கருத இடமுள்ள 5 முதல் 16 வயதினர்க்கு இச்சோதனையையே முதலில் செய்யப் பரிந்துரைக்கிறது.

எண் தீர்ப்பன்று

ஓர் எண் கையில் கிடைத்தவுடன் அதையே முடிவாகக் கொள்ளும் இயல்பு நமக்கு உண்டு. இங்கு அது பொருந்தாது. ஒவ்வாமையால் மூக்கொழுகும் குழந்தைக்கு, ஆஸ்துமா இல்லாதபோதும் எண் உயரலாம். கீரை, பீட்ரூட் போன்றவற்றை உண்டதும் உயரலாம். புகைபிடிப்போரிடம் குறையும். ஈசினோபில் சாராத ஆஸ்துமாவில், நோயிருந்தும் எண் தாழ்ந்தே நிற்கும். எனவே மருத்துவர் குழந்தையின் நோய் வரலாற்றையும் நுரையீரல் செயற்பாட்டுச் சோதனையையும் இதனோடு சேர்த்தே நோக்குகின்றனர்.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் இவ்வெண் குறையும். நிறுத்தினால் மீண்டும் ஏறும். ஆதலால் மருந்து உரியவாறு சென்று சேர்கிறதா என்பதையும் இது உணர்த்தும். ஆனால் எண் உயர்ந்ததும் குழந்தையைக் கடிந்துகொள்வது முறையன்று. இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை தவறியிருக்கலாம். வீட்டில் தூசு மிகுந்திருக்கலாம். கேட்டறிந்த பின்னரே காரணத்தைத் துணியவேண்டும்.

வகுப்பறையில் நாம்

திடலில் ஓடத் தயங்கும் மாணவனைச் சோம்பேறி என்கிறோம். நேற்று இருமியவள் இன்று சிரித்து விளையாடினால் நலமடைந்துவிட்டாள் என்கிறோம். இரண்டிலும் நாம் வெளித்தோற்றத்தையே நம்பிவிடுகிறோம். மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் இன்ஹேலர் வேறு. அழற்சியைக் குறைக்க நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து வேறு. முன்னது இழுப்புக்கு, பின்னது அழற்சிக்கு. இவ்வேறுபாட்டை மாணவர் தம் தாய்மொழியிலேயே தெளிவாகச் சொல்லக் கற்றுவிட்டால், பாட்டியிடமும் தாயிடமும் அதனை எடுத்துரைப்பர். இழுப்பு நின்ற மறுநாள் மருந்தை ஒதுக்கிவைக்கும் வழக்கமும் குறையும்.

சரியான சொல் சரியான கவனத்தைத் தரும். இழுப்பு நின்றதா என்று கேட்பதோடு அமையாமல், அழற்சி தணிந்ததா என்றும் கேட்கப் பழகுவோமாக.