புல்-அப் பழக ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: எதை வாங்கலாம், எப்படிக் கொண்டுபோகலாம்?

கடந்த மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஏரியா பூங்காவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான் என் சித்தப்பா மகன். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகிறான். அவன் காலுக்கு அடியில் நான் வாங்கிக் கொடுத்த ரெசிஸ்டன்ஸ் பேண்ட். நாலாவது புல்-அப்பில் 'படார்' என்று ஒரு சத்தம். பேண்ட் அறுந்து, சாட்டை மாதிரி கன்னத்தில் அடித்தது. சிவந்த கோட்டுக்கும் கண்ணுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிதான்.

"அக்கா, இதை எங்க வச்சிருந்த?" முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், இரண்டு மாதமாக, சென்னை வெயிலில். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாங்கும்போது கலரைப் பார்த்தேன், ஸ்டார் ரேட்டிங்கைப் பார்த்தேன், ஆஃபரைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை. அதன்பிறகு கொஞ்சம் தேடிப் படித்து, கேட்டு, நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

புல்-அப்புக்கு எதற்கு பேண்ட்?

தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஒரு பகுதியைக் கால் தாங்கிக்கொள்ளும். புல்-அப்பில் அந்தச் சலுகை கிடையாது. 70 கிலோ ஆள் என்றால் 70 கிலோவையும் கையும் முதுகும்தான் தூக்க வேண்டும். அதனால்தான் ஜிம்முக்குத் தவறாமல் போகிற பலருக்குக்கூட ஒன்று எடுப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

பேண்டைக் கம்பியில் மாட்டி, கீழ் முனையில் காலை வைத்தால், இழுபட்ட ரப்பர் நம்மை மேலே தள்ளும். எடையில் ஒரு பகுதி குறைந்தது போல ஆகிவிடும். முழு அசைவையும் சரியான முறையில் திரும்பத் திரும்பச் செய்து பழகலாம். பேண்டின் வேலை அவ்வளவுதான்.

சிலருக்கு இது வெறும் ஃபிட்னஸ் ஆசை அல்ல. அக்னிவீர் பொதுப்பணி உடற்தகுதித் தேர்வில் 'பீம்' என்ற பெயரில் புல்-அப் இருக்கிறது. 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16. ஐந்தோடு நின்றுவிட்டால் பூஜ்யம். என் தம்பி அப்போது நின்றிருந்தது சரியாக ஐந்தில்.

கடையில் மூன்று வகை இருக்கும். எது நமக்கு?

கைப்பிடி வைத்த டியூப் பேண்ட், தொடையில் மாட்டும் மினி லூப், நீளமான லூப் பேண்ட். இதில் புல்-அப்புக்கு ஏற்றது மூன்றாவது மட்டும்தான். முனையே இல்லாத ஒரே வளையமாக, மடித்துப் பிடித்தால் சுமார் 104 செ.மீ. நீளம் இருக்கும். ஆன்லைனில் '41 இன்ச்' என்று போட்டிருப்பது இதைத்தான். டியூப் பேண்டின் கைப்பிடியில் காலை வைத்துத் தொங்கும் விபரீத முயற்சி மட்டும் வேண்டாம். அது உடல் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

இன்னொரு விஷயம், தயாரிப்பு முறை. மெல்லிய லேட்டக்ஸ் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி ஒட்டிய பேண்ட் ஒரு வகை. அச்சில் வார்த்த ஒரே துண்டு பேண்ட் இன்னொரு வகை. அடுக்கு பேண்ட் பழசானால் பெரும்பாலும் ஓரம் உரியத் தொடங்கி எச்சரிக்கை கொடுக்கும். வார்த்த பேண்டில் சின்னக் கீறல் விழுந்தால், அது சட்டென்று முழுசாக அறுந்துவிடலாம். அதனால் விளம்பரத்தில் 'லேயர்டு லேட்டக்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கையில் பட்டாலே அரிப்பு, தடிப்பு வருகிறவர்கள் லேட்டக்ஸ் பக்கமே போகாமல், லேட்டக்ஸ் கலக்காத பேண்டைத் தேடுவது நல்லது.

கலரை நம்பாதீங்க, அகலத்தைப் பாருங்க

ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியில் கருப்பு. நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தடிமன் பெரும்பாலும் 4.5 மி.மீ. என்பதால், பலத்தைத் தீர்மானிப்பது அகலம்தான். 13, 22, 32, 45, 64 மி.மீ. ஆகியவை வழக்கமான அளவுகள். தோராயமாக இப்படித் தொடங்கலாம்:

• ஒரு புல்-அப்கூட வரவில்லை: 45 மி.மீ.
• ஒன்று முதல் மூன்று வரை வரும்: 32 மி.மீ.
• நான்கு முதல் ஆறு வரை வரும்: 22 மி.மீ.
• அதற்கு மேல் எண்ணிக்கையை ஏற்ற: 13 மி.மீ.

எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் ஒரு படி அகலமானது, 55 கிலோவுக்குக் கீழ் என்றால் ஒரு படி மெல்லியது.

'11 முதல் 29 கிலோ' என்றால் என்ன அர்த்தம்?

பேக்கெட்டில் இப்படி ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். 29 கிலோ உதவி முழுசாகக் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. பேண்டை எவ்வளவு இழுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் பலம் கூடும், குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. 170 செ.மீ. உயரமுள்ளவர் தொங்கும்போது கம்பியிலிருந்து பாதம் வரை சுமார் 210 செ.மீ. கம்பியில் சுற்றியதுபோக பேண்டின் நீளம் சுமார் 95 செ.மீ. ஆக, 115 செ.மீ. இழுபடுகிறது. தாடை கம்பிக்கு மேல் வரும்போது பாதம் வரையிலான தூரம் சுமார் 150 செ.மீ. ஆகிவிடும். இப்போது இழுவிசை வெறும் 55 செ.மீ.க்கு உரியது. அதாவது, அடியில் கிடைத்த உதவியில் ஏறக்குறைய பாதிதான் உச்சியில் கிடைக்கும். 'கடைசி நாலு விரல் தூரம் மட்டும் ஏறவே மாட்டேங்குது' என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலுக்குப் பதில் முழங்காலை வைத்தால் இழுபடும் தூரம் இன்னும் குறையும். உச்சியில் உதவி ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஆகவே ஒரே பேண்டில் இரண்டு லெவல்: பாதம் வைத்தால் ஈஸி, முழங்கால் வைத்தால் கஷ்டம். உயரம் குறைவானவர்களுக்கு அதே பேண்ட் குறைவாகவே உதவும் என்பதும் இதே கணக்குதான். உயரமான நண்பருக்குச் சரியாக இருந்தது உங்களுக்குப் போதாமல் போகலாம்.

வீட்டு எடை மெஷினில் ஒரு டெஸ்ட்

உங்களுக்கு எத்தனை கிலோ உதவி என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமா? தொங்கும்போது பாதம் இருக்கும் உயரத்தில் எடை மெஷின் இருக்க வேண்டும். ஜிம்மில் உள்ள உறுதியான மரப்பெட்டி மேல் வைக்கலாம். ஆடும் ஸ்டூல் வேண்டாம். கம்பியில் மாட்டிய பேண்டுக்குள் ஒரு காலை வைத்து, இரண்டு காலாலும் மெஷின் மேல் நில்லுங்கள். கம்பியை இழுக்காமல் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும். 70 கிலோ ஆளுக்கு மெஷின் 48 காட்டினால், அடியில் கிடைக்கும் உதவி 22 கிலோ.

பேண்ட் பழசாகும்போது அதே 22 சில மாதத்தில் 18 ஆகலாம். அப்போது 'எனக்கு பலம் குறைஞ்சிடுச்சோ' என்று குழம்ப வேண்டாம். தளர்ந்தது பேண்ட்.

எப்போது மெல்லிய பேண்டுக்கு மாறுவது?

ஒரு செட்டில் ஐந்து முதல் எட்டு, அதிலும் கடைசி இரண்டு சிரமப்பட்டு வர வேண்டும். இதுதான் சரியான பேண்ட். பத்தைத் தாண்டி அசால்ட்டாக எடுக்கிறீர்கள் என்றால் ஒரு படி இறங்குங்கள். ஐந்து வகை உள்ள செட்டை மொத்தமாக வாங்காமல், இப்போது தேவைப்படுவதும் அதற்கு அடுத்த மெல்லியதும் என இரண்டே வாங்கினால் போதும்.

பேண்ட் மட்டும் போதாது. கம்பியின் அடிப்பகுதியில் அதுவே நம்மைத் தூக்கிவிடுவதால், அந்த இடத்துப் பலம் வளராமல் போகலாம். அதனால் பேண்ட் இல்லாத இரண்டு பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, 20 முதல் 30 விநாடி சும்மா தொங்குவது. இன்னொன்று, ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குவது. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் போதும். தோளில் சுளீர் என்று வலித்தால் நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

அறுந்தால் முகத்துக்குத்தான் வரும்

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் தெறித்துக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்த சம்பவங்கள் கண் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு நிமிடச் சோதனை போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

• ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் லேசாக இழுத்து, வளையம் முழுக்கப் பாருங்கள். கீறல், ஓரத்தில் வெட்டு, வெளுத்த திட்டு, பிசுபிசுப்பு என எது இருந்தாலும் குப்பைக்கு.
• பூங்காக் கம்பிகளில் துருவும், உரிந்த பெயின்ட்டும், வெல்டிங் பிசிறும் இருக்கும். பேண்டுக்கு அவை பிளேடு மாதிரி. கம்பியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிவிட்டு அதன்மேல் மாட்டுங்கள்.
• பேண்டை விரல் பக்கம் வைக்காமல், பாதத்தின் நடுக்குழியில் வையுங்கள். இன்னொரு காலை அதன்மேல் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். நழுவினால் அதுவும் தெறிக்கும்.
• ஏறவும் இறங்கவும் ஸ்டூல் வையுங்கள். குதித்து இறங்கி, காலை உதறிக் கழற்றக் கூடாது.
• இரண்டு பேண்டை முடிச்சுப் போட்டு இணைக்கக் கூடாது.

வீட்டுக் கதவு நிலையில் பார் மாட்டியிருப்பவர்களுக்கு ஒன்று: பேண்ட் போட்டால் பாருக்கு பாரம் குறையும் என்று நினைக்காதீர்கள். கையும் பேண்டும் தொங்குவது ஒரே பாரில்தான். உங்கள் முழு எடையையும் அது தாங்கியாக வேண்டும்.

ரப்பருக்கு ஆகாத மூன்று: வெயில், சூடு, எண்ணெய்

லேட்டக்ஸ் என்பது வேறொன்றும் இல்லை, நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தைக் கீறிச் சேகரிக்கிறார்களே, அதே ரப்பர் பால்தான். இயற்கை ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் வெடிப்பு விடும். எண்ணெய் பட்டால் ஊறி வலுவிழக்கும். ஆகவே ஸ்கூட்டர் டிக்கி, காரின் பின்சீட்டு, பால்கனிக் கொடி மூன்றும் தடை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடும், வலிக்குத் தைலம் தேய்த்த கையோடும் பேண்டைத் தொடக் கூடாது. வியர்வை பட்டால் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வையுங்கள்.

ஆபீஸ் பையில் ஜிம்மையும் வைப்பது எப்படி?

பேண்டின் பெரிய பிளஸ் இதுதான். 22 மி.மீ. பேண்ட் சுமார் 200 கிராம், 32 மி.மீ. சுமார் 300 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி எடைதான்.

ஆனால் பையில் அப்படியே திணிக்காதீர்கள். சாவிக்கொத்து, ஜிப் முனை, சார்ஜர் பின் எல்லாம் ரப்பரைக் கீறும். பேண்டுக்குத் தனியாக ஒரு துணிப்பை வேண்டும். வீட்டில் கிடக்கும் மஞ்சப்பையே போதும். வெளிச்சத்தை ஓரளவு மறைக்கும், காற்றும் போகும். மடக்கி இறுக்காமல், தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

வியர்த்த டி-ஷர்ட்டும் துண்டும் ஈரம் கசியாத தனிப் பையில் போக வேண்டும். மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதைத் திறப்பது. மறந்தால் மறுநாள் காலை மூக்கு ஞாபகப்படுத்தும். கிரிப்புக்கு சாக் பவுடர் பயன்படுத்துபவர்கள் அதை இறுக மூடும் டப்பாவில், லேப்டாப் இல்லாத அறையில் வையுங்கள். ஷூவை அடியில் வைத்து, லேப்டாப் முதுகை ஒட்டி இருந்தால் பை பின்னால் இழுக்காது. புல்-அப் எடுத்துத் தோள் களைத்திருக்கும் நாளில் ஒரே தோளில் பையை மாட்டாமல் இரண்டு தோளிலும் மாட்டுங்கள். கூட்ட நேர மின்சார ரயிலில் பையை முன்பக்கம் மாற்றிக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, பின்னால் நிற்பவருக்கும் நல்லது.

கடைசியாக ஒரு அப்டேட்

தம்பியின் கன்னத்துத் தழும்பு மறைந்துவிட்டது. 32-இலிருந்து 22 மி.மீ. பேண்டுக்கு இறங்கிவிட்டான். பேண்ட் இல்லாமல் போன வாரம் எட்டு எடுத்தான். பத்தைத் தொட இன்னும் இரண்டு. நான் 45 மி.மீ.இல்தான் இருக்கிறேன், அவசரம் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கம்பியில் மாட்டும் முன் பேண்டை வெளிச்சத்தில் இழுத்துப் பார்ப்போம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

உங்கள் பேண்ட் இப்போது எங்கே இருக்கிறது? வண்டி டிக்கியில் என்றால், இதைப் படித்து முடித்ததும் போய் எடுத்துவிடுங்கள்.