உண்டும் ஊட்டம் பெறாத உடல்

குடிப்பழக்கம் முற்றியவரின் வீட்டார் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்றுண்டு: "குடித்தாலும் வேளைக்குச் சாப்பிட்டுவிடுகிறார், ஆகையால் பயமில்லை." இலையில் விழுந்த சோறு உடலில் சேர்ந்துவிட்டது என்னும் நம்பிக்கை அது. உண்மையில் சேர்கிறதா என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலின் சுவர் வழியேதான் இரத்தத்தில் கலக்கிறது. சில வைட்டமின்களை அச்சுவரிலுள்ள புரதங்கள், ஓடக்காரன் ஆளை அக்கரை சேர்ப்பதுபோல, ஏந்திச்சென்று உள்ளே விடுகின்றன. நெடுங்காலம் மது அருந்துவோர் குடலில் இவ்வோடங்கள் குறைகின்றன. தயாமின் எனப்படும் பி1 வைட்டமினுக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் இதனால் நேரும் இழப்பு பெரிது. தயாமின் நம் உடலில் ஏறத்தாழ 30 மில்லிகிராமே இருப்பில் உள்ளது. வரவு நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். கண்ணின் அசைவு தடைப்படுதல், நடை தள்ளாடுதல், அறிவு மயங்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்த நோய் அது. அவர் கண்ட மூவரில் இருவர் குடிகாரர்கள். மூன்றாமவரோ கந்தக அமிலத்தைக் குடித்து, வயிறு புண்ணாகி, உண்டதெல்லாம் வாந்தியெடுத்த ஓர் இளம்பெண்! மதுவுக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. ஊட்டம் உட்செல்லாமையே பொதுக்காரணம். இது விளங்கப் பல்லாண்டுகள் ஆயின. தயாமினை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த அமெரிக்கர் என்பது நமக்கு ஒரு சுவையான செய்தி.

இனிப் பெருங்குடல். நாம் உண்ணும் கீரை, பருப்பு முதலியவற்றின் நார்ப்பொருளை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து பியூட்டிரிக் அமிலம் என்னும் சிறு கொழுப்பமிலத்தைத் தருகின்றன. பெருங்குடற் சுவருக்கு அதுவே முக்கிய எரிபொருள் என்று 1980இல் ரோடிகர் காட்டினார். மது இந்நுண்ணுயிர்களைக் குலைக்கிறது. சுவரில் இடுக்குகள் தோன்றி நச்சுப்பொருள்கள் கல்லீரலை எட்டுகின்றன. மது ஊட்டப்பட்ட சுண்டெலிகளுக்கு இவ்வமிலத்தைத் தரும் பொருளை அளித்தபோது குடற்சுவர் ஓரளவு காக்கப்பட்டது. எனினும் சுண்டெலியிற் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடாது. நெய்யிலும் இவ்வமிலம் உண்டே என்று, நெய்ச்சோறு தின்றுவிட்டுக் குடிக்கலாமென எவரும் கணக்குப் போடவேண்டா. நெய்யிலுள்ளது பெருங்குடலை எட்டுமுன்பே செரித்துவிடும்.

ஐயத்துக்கு இடமில்லாதது தயாமின்தான். குடிநோயாளி மயங்கிய நிலையில் மருத்துவமனை சேர்ந்தால், குளுக்கோஸ் ஏற்றுமுன்போ உடனேயோ தயாமினும் தரப்படவேண்டும். இல்லையேல் எஞ்சிய சிறு இருப்பும் குளுக்கோஸை எரிப்பதில் செலவாகிவிடக் கூடும். அதை ஊசி வழியே தருவதன் காரணம் இப்போது நேயர்களுக்கு விளங்கும்: மாத்திரையை ஏற்க வேண்டிய குடலே பழுதுபட்டிருக்கிறது. ஆகவே வெளிமாநிலத்தில் மொழி தெரியாத மருத்துவரிடம் செல்லும்போதும், மானத்தை எண்ணிக் குடியை மறைக்காமல் சொல்லிவிடுவது நலம். பல்லாண்டுக் குடியை மருத்துவத் துணையின்றி ஒரே நாளில் நிறுத்துவதும் வலிப்பில் கொண்டுவிடலாம். எங்கே செல்வதென்று தெரியாதவர்கள், மைய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.