மிளகு எந்த நாட்டுப் பயிர்?

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் செல்வோர், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். காப்பி விலை சரியும் ஆண்டில் சிறு விவசாயியைத் தாங்குவது இந்தக் கொடிதான். அண்மையில் அங்கே ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "வெளிநாட்டு மிளகுக்கு வரி போட்டிருக்காங்கன்னு சொல்றாங்களே ஐயா, அப்புறம் எப்படி அது இவ்வளவு மலிவா வருது?" பன்னாட்டு வணிகத்தை வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

வரி இருப்பது உண்மை. மிளகுக்கான பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். ஆனால், 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி வரலாம். தெற்காசிய உடன்பாட்டின் வழியே வந்தால் வரி 8 சதவீதம் மட்டுமே. அண்டை நாட்டுச் சிறு விவசாயிக்குத் தரப்படும் இந்தச் சலுகையில் தவறில்லை.

சிக்கல் மூன்றாவது நாட்டில் தொடங்குகிறது. உலகிலேயே மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற சான்றிதழுடன் இந்தியாவுக்குள் வருகிறது என்பது நம் விவசாயிகளின் நெடுநாள் புகார். சலுகை பெற வேண்டுமானால் மிளகு இலங்கை மண்ணிலேயே விளைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் மிளகுமணியைப் பார்த்து அதன் நாட்டைச் சொல்லிவிட முடியாது. 70 சதவீதத்துக்கும் சுழியத்துக்கும் இடையிலான இலாபம் ஒரு தாளில் அடங்கியிருக்கும்போது, அந்தத் தாளைத் தேடிச் செல்வோர் இருக்கவே செய்வர்.

2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. அதன் பின்னரும் உள்நாட்டு விலை பல மாதங்கள் 500 ரூபாய்க்கு வெகுவாகக் கீழேயே இருந்தது. குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு 500 ரூபாய் எனக் கணக்கில் காட்ட இயலும். எல்லை வழியே கடத்துவோரை இந்த விலை தடுக்காது.

அப்படியானால் இறக்குமதியையே தடை செய்துவிடலாமா? கூடாது. மிளகு எண்ணெயும் மிளகுச் சாறும் தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு வெளிநாட்டு மிளகு தேவை. அங்கும் தொழிலாளர் குடும்பங்கள் பிழைக்கின்றன.

தேவைப்படுவது பிறப்பிடச் சோதனை. 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சுங்க விதிகள், பொருள் எங்கு விளைந்தது என்பதற்கான விவரங்களை வைத்திருக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் மீது சுமத்தின. நல்ல தொடக்கம். துறைமுகத்தில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பதும், இலங்கையின் விளைச்சலோடு வரத்தை ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிடுவதும் அடுத்த படிகளாக வேண்டும். இலங்கையின் நேர்மையான விவசாயிக்கும் இதனால் நன்மையே.

நாகலூர் விவசாயிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வரி இருக்கிறது, அதைச் செலுத்த வேண்டிய மிளகு எதுவென்று கண்டறியும் ஏற்பாடுதான் போதவில்லை. புதிய வணிக உடன்பாடுகள் வரிசையாகக் கையெழுத்தாகும் இக்காலத்தில், வரி விகிதத்தைப் போலவே இந்த ஏற்பாட்டையும் நாம் விவாதித்தாக வேண்டும்.