ஊர் கூடி எழுதிய நிரல் – 14: ஒற்றை வேட்பாளருக்கும் ஓட்டுப் பெட்டி

பைத்தான் நிரல்மொழியைப் பெற்ற கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒதுங்கியதையும், ஆளில்லாத நாற்காலிக்கு ஐவர் குழு வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்புக்காரர்களின் மைனஸ் ஓட்டு என்று சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்கும்போது டெபியனின் 2023 தலைவர் தேர்தல் குறுக்கே வந்துவிட்டது. அதை விட்டு நகர மனசு வரவில்லை.

டெபியன் 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம். உபுண்டு என்று பலர் கணினியில் ஓடுகிறதே, அது இதன் மேல் எழுப்பியதுதான். உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஆயிரம் பேர் அளவிலான தன்னார்வலர்கள் இதைக் கட்டிக்காக்கிறார்கள். முதலாளி இல்லை. 1998-லேயே ஒரு அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு.

2023-ல் களத்தில் நின்றவர் ஒரே ஒருவர்: தென்னாப்பிரிக்காவின் ஜோனதன் கார்ட்டர். ஏற்கெனவே தலைவராக இருந்தவர். நம்மூராக இருந்தால் மனு வாபஸ் நேரம் முடிந்த கையோடு சான்றிதழ், மாலை, சரவெடி. 2024-ல் சூரத் மக்களவைத் தொகுதியில் அப்படித்தான் நடந்தது. சில மனுக்கள் தள்ளுபடி, மற்றவர்கள் வாபஸ், வாக்குப்பதிவே நடக்காமல் ஒருவர் எம்.பி. ஆனார். டெபியனில் அந்தச் சலுகை கிடையாது. ஒற்றை ஆளாக நின்றாலும் பிரசாரம் உண்டு, கேள்விக்கணைகள் உண்டு, இரண்டு வார வாக்குப்பதிவும் உண்டு. எதிராளி யார் என்கிறீர்களா? ‘மேற்கண்ட எவருமில்லை’. அதாவது, நம்ம நோட்டா.

இந்த ஓட்டுச் சீட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அது ஒரு மின்னஞ்சல். ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் ஒரு காலி அடைப்புக்குறி. கடைசி வரியில் நோட்டா. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் போட்டு, தன் மறைகுறிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் எண் எழுதுவது போலத்தான், எண்ணும் முறை மட்டும் வேறு. இங்கே கபடி லீக் மாதிரி ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியாக மோதுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் கொந்தர்சே யோசித்த முறை. அதில் விழும் சிக்கல்களை அவிழ்க்க மார்க்குஸ் ஷுல்ட்சே என்பவரின் சூத்திரம். நோட்டாவும் அந்த லீக்கில் ஒரு அணி.

சுவாரசியம் இங்கேதான். ‘இந்த ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம்’ என்று நினைத்தால் அவரை நோட்டாவுக்குக் கீழே தள்ளி எண் போடலாம். பாதிக்கு மேல் அப்படிச் செய்துவிட்டால், மற்றவர்களோடு அவர் எப்படி மோதினார் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆட்டத்திலிருந்து அவுட். நோட்டாவே முதலிடம் பிடித்தால் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும். திரும்பவும் நோட்டாவா? திரும்பவும் தேர்தல்.

நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த கடைசிப் பொத்தானை நினைத்துப் பாருங்கள். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் அதற்கு 2,373 ஓட்டு. மத்தியில் ஆண்ட கட்சியின் வேட்பாளரையே முந்தியது. சரி, முந்தி? சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நோட்டா முதலிடமே பிடித்தாலும் அடுத்து வந்தவர்தான் வெற்றியாளர். நம்முடையது புலம்பல் பொத்தான். அவர்களுடையது வேட்பாளர்.

கோரம், அதாவது குறைந்தபட்ச ஆதரவு, கணக்கிடும் விதமும் விசித்திரம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடு, பாதியாக்கு, மூன்றால் பெருக்கு. ஆயிரம் பேர் என்றால் 47.4 வரும். ஆக, குறைந்தது 48 பேராவது உங்களை நோட்டாவுக்கு மேலே வைத்திருக்க வேண்டும். வர்க்கமூலம் என்பதால் சங்கம் நான்கு மடங்கு பெருத்தாலும் கோரம் இரண்டு மடங்குதான் ஆகும். வராதவர்களை நம்பி வீடு கட்டக்கூடாது என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். நம் அடுக்குமாடிச் சங்கங்களின் பொதுக்குழு பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கார்ட்டர் ஜெயித்தார். தலைவர் தேர்தலில் நோட்டா இதுவரை வென்றதில்லை. 2019-ல் அதைவிட வேடிக்கை: மனு கொடுக்கும் கெடு முடிந்தது, ஒருவர்கூட மனு போடவில்லை! அதற்கும் சாசனத்தில் வழி இருந்தது. ஆள் கிடைக்கும்வரை ஒரு வாரம் ஒரு வாரமாகக் கெடுவை நீட்டு. நீட்டியதும் சிலர் முன்வந்தார்கள், சாம் ஹார்ட்மன் தலைவரானார்.

டெபியனின் 2014 கதையையும் சொல்லிவிடுகிறேன். கணினி உயிர்பெறும்போது முதலில் ஓட வேண்டிய நிரல் எது என்பதில் மாதக்கணக்கில் அடிதடி. தொழில்நுட்பக் குழுவில் ஓட்டு சமமாகப் பிரிந்து, குழுத் தலைவரின் தீர்மான ஓட்டில் சிஸ்டம்-டி என்ற நிரல் தேறியது. ஆறவில்லை, அந்த ஆண்டு இறுதியில் பொதுத் தீர்மானத்துக்கு இழுத்தார்கள். பல தெரிவுகள், எல்லாரும் எண் போட்டார்கள். ஜெயித்தது எது? ‘இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை’ என்ற தெரிவு. ஓட்டுப் போட வந்தவர்கள், ஓட்டே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

பக்கம் தீர்ந்துவிட்டது. அப்பாச்சி அடுத்த வாரம், கட்டாயம். அங்கே ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு −1, நடுவில் −0.9 என்றும் போடுவார்கள். நிரல் மாற்றத்தில் முழு −1 விழுந்தால் அது வீட்டோ, அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் சொல்லியாக வேண்டும். ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துகிற அந்த ஆள் என்ன கணக்குப் போடுகிறார் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)