மண்ணெண்ணெய் குடித்த எம்.டி. 90

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் 'எம்.டி. 90' என்று சொல்லிப் பாருங்கள். வண்டியைப் பற்றிச் சொல்லமுன் அதன் மணத்தைப் பற்றிச் சொல்வார். வெள்ளைப் புகை, கண் எரிச்சல், தோய்த்தாலும் உடுப்பை விட்டுப் போகாத மண்ணெண்ணெய் வாடை. வன்னியில் ஒரு தலைமுறைக்கு மோட்டார் சைக்கிள் என்றால் அதுதான்.

அந்த வண்டிகளிற் சில இன்னும் கிடக்கின்றன. மாட்டுக் கொட்டிலின் மூலையில், பழைய கிடுகுகளுக்கு அடியில், கோழி அடைகிடக்கும் இடமாக. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. மோட்டார் சைக்கிள்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஓடுகிற வண்டிகளின் விலை ஏறியபோது, கொட்டிலில் கிடந்ததையும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் வண்டியை வெளியே உருட்டி எடுத்து, தூசு தட்டி, "இதை நாங்களே செய்தால் என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலில் வண்டியின் பூர்வீகம். ஹொண்டா நிறுவனம் 1958 இல் 'சுப்பர் கப்' என்ற சிறிய வண்டியைச் சந்தைக்கு விட்டது. 2017 ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. எம்.டி. 90 அதன் தம்பி. ஜப்பானின் தபாற்காரருக்கென்று செய்யப்பட்டது. கடிதப் பை ஏற்றுவதற்குப் பெரிய கரியர், அடிக்கடி ஏறி இறங்க வசதியாக 14 அங்குலச் சிறிய சில்லு, குண்டும் குழியும் தாங்கும் முன்போர்க், தபாற்கந்தோரின் சிவப்பு நிறம். கிளச் பிடிக்கும் வேலையே இல்லை. கியரைக் காலால் மிதித்தால் போதும். அங்கே பாவித்து முடிந்த வண்டிகள் இலங்கைக்கு வந்து இறங்கின. தோக்கியோவின் ஒழுங்கைகளில் கடிதம் கொண்டுபோன வண்டி முல்லைத்தீவின் மணல் ஒழுங்கையில் நெல் மூட்டை ஏற்றியது.

அதற்கு இங்கே கிடைத்த சாப்பாடுதான் வேறு.

போர்க்காலத்தில் அரசு வடக்கின் மீது விதித்த, 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். 2002 இன் தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள். எப்படியோ உள்ளே வந்த பெற்றோல் போத்தல் கணக்கில் விலைப்பட்டது. பங்கீட்டில் வந்த மண்ணெண்ணெய்தான் அடுப்புக்கும், ஜாம் போத்தல் விளக்குக்கும், கடைசியில் வண்டிக்கும். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்துக்குள் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் பிளக்கின் பொறிக்குப் பற்றாது. ஆகவே காபரேற்றரின் வாய்க்குள் ஊசி மருந்துச் சிரிஞ்சால் சில துளி பெற்றோலைப் பீச்சி, உதைத்து, இயந்திரம் சூடேறும் வரை அதிலே ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் பழையபடி சிரிஞ்ச். பெற்றோல் போத்தலை வீட்டுக்காரர் மருந்தைப் போலப் பொத்திப் பொத்தி வைத்தார்கள்.

இது வன்னிக்காரர் மட்டும் கண்டுபிடித்த வித்தையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வன்னி வயல்களுக்குப் பழக்கமான பேர்கசன் ட்ராக்டரின் பழைய மாதிரி ஒன்று, டி.ஈ.டி. 20, பிரித்தானியாவில் 1949 இல் வந்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதிலும் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பின்தான் மாற்றவேண்டும். தாங்கியிலே பெற்றோலுக்குத் தனியாகச் சிறு அறை இருந்தது. அங்கே தொழிற்சாலையும் பொறியியலாளரும் செய்ததை இங்கே கராஜ்காரர்கள் சிரிஞ்சும் ரியூப் துண்டும் வைத்துச் செய்தார்கள். வித்தியாசம் இதுதான்: ட்ராக்டர் அதற்கென்று பிறந்தது. எம்.டி. 90 அப்படியல்ல.

அதனால் வன்னியில் ஒரு பழைய எம்.டி. 90 இன் இயந்திரத்தைத் திறப்பவர், வேறு ஊரில் திறப்பவர் காணாத சிலவற்றைக் காணலாம். மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் தாங்காது. அழுத்தம் கூடினால் தன்பாட்டில் வெடித்து, சுத்தியலால் தட்டுவதுபோல இயந்திரம் சத்தமிடும். அழுத்தத்தைக் குறைக்கக் கைக்கு எட்டிய வழி, சிலிண்டருக்கு வைக்கும் பக்கிங்கின் தடிப்பைக் கூட்டுவது. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தாலோ, செப்புத் தகட்டில் வெட்டிய பக்கிங் இருந்தாலோ ஆச்சரியப்பட வேண்டாம். பொறி விழும் நேரத்தைப் பிந்த வைத்திருப்பதும் நடக்கக்கூடியது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே பிஸ்ரன், றிங், சிலிண்டர்ச் சுவர் மூன்றும் வண்டியின் வயதை விடக் கூடத் தேய்ந்திருக்கும். கைதேர்ந்த கராஜ்காரருக்கு இது ஒரு பார்வையில் விளங்கும். புதிதாகத் தொடங்குபவர் "யாரோ பிழையாகப் பூட்டிவிட்டான்" என்று நினைப்பார்.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்பனரை எடுக்கமுன் எடுக்க வேண்டியது புத்தகம். வண்டியின் பதிவுப் புத்தகத்தைத்தான் சொல்வது. இடப்பெயர்வுகளில் வீட்டுறுதியே தொலைந்த ஊரில் வண்டிப் புத்தகம் இருப்பது அதிர்ஷ்டம். சேசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் துணியால் துடைத்துப் படம் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்துப்பாருங்கள். சாமான் கிடைக்காத காலத்தில் ஒரு வண்டியின் இயந்திரம் இன்னொன்றுக்குப் போயிருந்தால் இரண்டாவது இலக்கம் ஒத்துவராது. யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரியாத வண்டிக்குப் பணம் கொட்டுவது புத்தியல்ல. ஓடவைத்த பிறகு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல் அது முற்றத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, உதைக்கத் துடிக்கும் காலை அடக்குவது. பல வருடம் நின்ற இயந்திரத்தில் பிஸ்ரன் சிலிண்டரோடு பிடித்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் கொஞ்சம் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு, இரண்டு நாள் மறந்துவிடுங்கள். மூன்றாம் நாள் கையாலே மெதுவாகக் கிக்கரை அமத்திப் பார்க்கலாம். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையவில்லை என்று மேலே ஏறி நின்று மிதித்தால் கிக்கர் பற்கள்தான் உடையும்.

புதியவர்கள் அதிகம் கெடுப்பது திருகாணிகளை. இயந்திரத்தின் பக்க மூடியில் இருக்கும் ஜப்பானியத் திருகாணிகளின் சிலுவைத் தலை, கடையில் வாங்கும் சாதாரண ஸ்குறூ டிறைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பொருந்தியதுபோல இருந்து, முறுக்கும்போது வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ற் டிறைவர் ஒன்றை இரவல் வாங்கினால் இந்த அழுகை இல்லை. கழற்றும் ஒவ்வொன்றையும் யோகட் கோப்பைகளில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பதும் அப்படித்தான். முதல் நாள் தேவையில்லாதது போலத் தோன்றும். மூன்றாம் கிழமை அதுதான் காப்பாற்றும்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைத் தொப்பியோடு பொருத்தி இயந்திரத்தின் உலோகத்தில் தொடவைத்துக்கொண்டு கிக்கரை அடியுங்கள். நீலமாகத் தெறித்தால் நல்லது, மஞ்சளாகச் சோம்பினால் வேலை இருக்கிறது. பழைய மாதிரிகளில் பிளைவீலுக்குள் பொயின்ற் இருக்கும். அதன் வாய் திறக்கும் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிளைவீலில் 'எப்' என்ற ஆங்கில எழுத்துக்கு அருகே உள்ள கோடு உடலில் உள்ள குறியோடு நேர்ப்படும்போது பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தில் பிந்த வைத்த நேரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது இங்கேதான்.

காபரேற்றரின் ஜெற் துவாரத்தைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெதுமையானது, துவாரம் பெருத்துவிடும். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக்கப் பாவிக்கும் மெல்லிய தங்கூசி போதும். துருப்பிடித்த தாங்கிக்கு வீட்டு வைத்தியம் உண்டு. வினாகிரியை நிறைய ஊற்றி, ஒரு பிடி சிறு நட்டுகளைப் போட்டு, நாளுக்கு நாலு தடவை குலுக்கி இரண்டு நாள் வைப்பது. பிறகு அப்பச் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, உடனே வெயிலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் அடுத்தநாளே செம்பு நிறத்தில் துரு பூத்திருக்கும்.

சிலிண்டரைக் கடைவது மட்டும் வீட்டு வேலை அல்ல. லேத் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். முதலில் புதிய பிஸ்ரனை வாங்கிக்கொண்டு போங்கள். அதன் அளவுக்குத்தான் கடைவார்கள். உள்ளூரில் கிடைக்காத சாமானுக்குக் கடைசிப் புகலிடம் கொழும்பு பஞ்சிகாவத்தை. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதுதான் முறை. தொலைபேசியில் "அதேதான் தம்பி" என்று சொல்லி அனுப்பும் சாமான் பாதி வேளை அதே அல்ல.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஒயிலை ஒருமுறை, கொஞ்சத் தூரம் ஓடியபின் இன்னொருமுறை மாற்றுவது நல்லது. மண்ணெண்ணெயைத் திரும்ப ஊற்றும் எண்ணம் வேண்டாம். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, மண்ணெண்ணெய் 87 ரூபாவில் நின்றபோது பழைய சிரிஞ்ச் ஞாபகம் பலருக்கு வந்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றாலும் கிடைக்கவில்லை. ஓகஸ்ட்டில் அதன் விலை 340 ரூபாவானது. அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

இன்னொரு எச்சரிக்கை போர் நடந்த வன்னி போன்ற மண்ணுக்கு உரியது. பற்றைக்குள்ளோ மண்ணுக்குள்ளோ கிடக்கும் பழைய வண்டியையும் உதிரிச் சாமானையும் தோண்டி இழுக்காதீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் உடைமைகளைப் புதைத்துவிட்டுப் போன மண் இது. வெடிக்காத குண்டுகளும் அதே மண்ணில்தான் கிடக்கின்றன. சந்தேகம் வந்தால் பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ சொல்லிவிட்டு விலகி நிற்பதே சரி.

நிறம் பூசுவது பற்றி ஆளுக்கொரு கருத்து. தபாற்கந்தோர்ச் சிவப்பைத் தேடிப் பளபளவென்று பூசினால் பார்க்க அழகுதான். அப்பா தூரிகையால் பூசிய நீலமோ, கரியரில் வெல்டிங் பிடித்த இரும்புத் துண்டோ அதோடு போய்விடும். இயந்திரத்துக்குள் பிழையானதை எல்லாம் மாற்ற வேண்டும், அதில் பேச்சில்லை. வெளியே உள்ள தழும்புகளை விட்டுவைப்பதே இந்த வண்டிக்கு நியாயம். கழற்றிய இரட்டைப் பக்கிங்கையும் குப்பையில் எறியாமல் ஒரு போத்தலில் போட்டு வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் வேலை செய்த கராஜ்காரர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னமும் இருப்பார். தலைமூடியைத் திறக்கும் அன்று, "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூட்டிவந்து பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். எத்தனை துளி விட்டார், பக்கிங்கை எதில் வெட்டினார், பொறியை எவ்வளவு பிந்த வைத்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவருடைய கைக்குத் தெரிந்தது வேறெங்கும் எழுதி இருக்காது.