போலீஸ் பொய் சொல்லலாமா?

கூட்டாளி வாயே திறக்காதபோதும், ‘அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், இனி நீ மறைத்துப் பயனில்லை’ என்று சந்தேக நபரை மடக்க அமெரிக்கப் போலீஸுக்குப் பொதுவாகத் தடையில்லை. 1969-இல் ஃப்ரேசியர் எதிர் கப் வழக்கில், இத்தகைய பொய்யை மட்டும் காரணம் காட்டி வாக்குமூலத்தைத் தள்ளிவிட முடியாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். அடித்து உதைப்பதற்கு இது எவ்வளவோ மேல்; நிரபராதி எதற்காகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள்.

கையுறை போட்டுத் திருடியவனிடம் ‘உன் கைரேகை கிடைத்துவிட்டது’ என்றால், அது பொய் என்று அவனுக்கு உடனே புரிந்துவிடும். நிரபராதிக்கு அந்த வசதி இல்லை. ஆதாரம் தன்னைக் காப்பாற்றும் என்பது ஒன்றே அவனுடைய பிடிமானம்; ஆதாரமே எதிராக நிற்கிறது என்றதும் அதுவும் போய்விடுகிறது. 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவரின் உடையில் கைரேகை இருப்பதாக அவர்களில் ஒருவனிடம் பொய் சொல்லப்பட்டது. நான்கு பேரின் ‘ஒப்புதல்’ வீடியோவில் பதிவானது. 2002-இல் வேறொரு கைதி, தான் தனியாகச் செய்த குற்றம் அது என்றார், அவருடைய டி.என்.ஏ. பொருந்தியது. ஐவர் மீதான தீர்ப்புகளும் ரத்தாயின.

பொய் வாக்குமூலத்தை நீதிமன்றம் சலித்துவிடாதா? இந்த வழக்கில் சலிக்கவில்லை. கிடைத்த டி.என்.ஏ. ஐவரில் யாருடையதும் அல்ல என்பது 1990 விசாரணையின்போதே தெரியும். ஆனாலும் ஜூரிகள் வாக்குமூலத்தையே நம்பினார்கள். உண்மைக் குற்றவாளி 13 ஆண்டுகள் இந்த வழக்கில் சிக்காமலே இருந்தார்.

பொய்யைத் தடுத்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இங்கிலாந்து பதில் சொல்கிறது. கைரேகை கிடைத்ததாகச் சந்தேக நபரிடமும் அவருடைய வழக்கறிஞரிடமும் போலீஸ் பொய் சொன்னதால், 1987-இல் மேசன் வழக்கின் தண்டனையை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 1990-களில் விசாரணைப் பயிற்சியே மாறியது: ஒலிப்பதிவோடு சந்தேக நபரை முழுவதும் பேசவிட்டு, திரட்டிய உண்மையான ஆதாரங்களோடு ஒப்பிட்டு முரண்பாடுகளைக் கேட்பது. அதனால் அங்கே குற்றப் புலனாய்வு முடங்கிவிடவில்லை. 2021-இல் இல்லினாய், ஆரிகன் மாநிலங்கள் சிறார்களிடம் பொய் சொல்லி விசாரிப்பதற்குக் கடிவாளம் போட்டன. நல்ல தொடக்கம்தான். ஆனால் இல்லாத கைரேகையை இல்லை என்று நிரூபிக்கும் வழி, 18 வயது நிரம்பியதும் யாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. தடை எல்லா வயதினருக்கும் வேண்டும்.